நிதாரி: அரக்கனைக் காட்டி அரசைக் காத்த ஊடகங்கள்

2025 நவம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் சுரேந்திர கோலியை விடுதலை செய்தது. நிதாரி தொடர்கொலை வழக்குகளில் எஞ்சி நின்ற கடைசித் தண்டனையும் அத்துடன் ரத்தாயிற்று. அவர் வேலை செய்த வீட்டின் உரிமையாளரான மொனிந்தர் சிங் பாந்தர் மீதிருந்த தண்டனைகளை அலகாபாத் உயர்நீதிமன்றம் 2023 அக்டோபரிலேயே நீக்கிவிட்டது. நொய்டாவின் நிதாரி கிராமத்தில் குழந்தைகளும் இளம்பெண்களும் கொல்லப்பட்டது உண்மை. அவர்களின் எலும்புகள் சாக்கடையிலிருந்து அள்ளப்பட்டது உண்மை. ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் வழக்கு நடந்ததும் உண்மை. கொன்றவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் இந்தியக் குடியரசிடம் விடையில்லை. நெடிய புலனாய்வுக்குப் பிறகும் உண்மைக் குற்றவாளி சட்டத்துக்கு உகந்த முறையில் நிறுவப்படவில்லை என்று உச்சநீதிமன்றமே வருந்தியிருக்கிறது.

தீர்ப்பைக் கேட்டவுடன் வழக்கமான புலம்பல் எழுந்தது. சட்டத்தின் ஓட்டை வழியாக அரக்கன் தப்பிவிட்டான் என்றார்கள். புலம்பியவர்களில் பலர், 2007 ஜனவரியில் அந்த அரக்கனைத் தம் ஒளிபரப்பு அரங்கங்களில் வார்த்து உருவாக்கியவர்கள். வழக்கு தோற்றது கடைசி நாளில் அன்று. முதல் வாரத்திலேயே தோற்றுவிட்டது. தோற்கடித்ததில் காவல்துறைக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு, காவல்துறையின் வாயைத் தன் ஒலிபெருக்கியாக்கிக் கொண்ட ஊடகத்துக்கும் உண்டு. இதைப் பேசாமல் நிதாரியைப் பற்றிப் பேசுவது அந்தக் குழந்தைகளை மீண்டும் ஒருமுறை காணாமற்போகச் செய்வதாகும்.

எலும்புகள் கிடைக்கும் வரை

நிதாரி, நொய்டாவின் 31ஆம் பகுதியை ஒட்டிய கிராமம். ஒருபுறம் சுற்றுச்சுவரும் காவலாளியும் கொண்ட மாளிகைகள். மறுபுறம் வங்கத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் உள்மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களின் ஓரறைக் குடியிருப்புகள். மாளிகைகளில் பாத்திரம் துலக்கியவர்கள், துணி தேய்த்துக் கொடுத்தவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், கட்டுமானக் கூலிகள் அங்கே வாழ்ந்தனர். 2005 தொடங்கி அவர்களுடைய பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற்போயினர்.

பெற்றோர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ஓடிப்போயிருக்கும், எவனோடாவது போயிருப்பாள், தானே திரும்பி வரும் என்ற பதில்களே கிடைத்தன. புகாருக்கு முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை. காணாமற்போன ஓர் இளம்பெண்ணின் தந்தை நீதிமன்றப் படியேறி உத்தரவு பெற்ற பின்னர்தான், 2006 அக்டோபரில், அவர் மகள் தொடர்பான வழக்கே பதிவாயிற்று. பெண் மறைந்ததோ அவ்வாண்டு மே மாதத்தில்.

இந்தக் காலம் முழுதும் தேசிய ஊடகங்கள் எங்கே இருந்தன? அவற்றில் பலவற்றின் தலைமையகங்களும் படப்பிடிப்பு அரங்கங்களும் தில்லியிலும் நொய்டாவிலுமே இருந்தன. நிதாரிக்குச் செய்தியாளரை அனுப்ப விமானம் தேவையில்லை. நகரப் பேருந்தே போதும். எவரும் போகவில்லை. காணாமற்போவது ஏழை வீட்டுப் பிள்ளைகளின் இயல்பு என்று காவல் நிலையம் கருதியது போலவே செய்தி அறையும் கருதியது.

2006 நவம்பரில் அதே நொய்டாவில், பன்னாட்டு மென்பொருள் நிறுவனமொன்றின் இந்தியத் தலைமை அதிகாரியின் மூன்று வயது மகன் கடத்தப்பட்டான். தொலைக்காட்சிகள் இரவுபகலாக அவன் வீட்டு வாசலில் நின்றன. மாநில அரசின் இயந்திரம் முழுதும் முடுக்கிவிடப்பட்டது. சில நாள்களிலேயே குழந்தை மீண்டது. மீண்டதில் நமக்கும் மகிழ்ச்சியே. எந்தக் குழந்தைக்கும் அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் காவல்துறைக்குத் தேடத் தெரியும் என்பதையும், ஊடகத்துக்கு நொய்டாவுக்கு வழி தெரியும் என்பதையும் அந்த நாள்கள் மெய்ப்பித்துவிட்டன. அதே நாள்களில், அதே ஊரில், எத்தனையோ தாய்மார் தம் பிள்ளையின் புகைப்படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு காவல் நிலைய வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கம் ஒளிப்படக் கருவிகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

2006 டிசம்பர் இறுதியில் எலும்புகளை முதலில் கண்டது புலனாய்வு அதிகாரியும் அல்ல, புலனாய்வு இதழியலாளரும் அல்ல. டி-5 என்ற எண்ணுடைய வீட்டை ஒட்டிய சாக்கடை மீது ஐயம் கொண்டு, பகுதிவாசிகள் தாமே இறங்கித் தேடினார்கள். உடற்பகுதி ஒன்று கிடைத்தது. அதன் பிறகுதான் காவல்துறை வந்தது; அதன் பிறகுதான் நேரலை வாகனங்கள் வந்தன.

திருவிழாத் திடல்

கொலை நடந்த இடம் தடயவியலுக்குச் சொந்தம். அது முதலில் சுற்றி வளைக்கப்பட வேண்டும். உள்ளே போவோர் பெயர் குறிக்கப்பட வேண்டும். எந்த எலும்பு எந்த ஆழத்தில், எந்த நிலையில், எவர் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்று மகஜர் எழுதப்பட வேண்டும். ஒரே இடத்தில் பலரது உடல்கள் கலந்து கிடக்கையில் இந்த ஒழுங்கு இன்னும் பல மடங்கு இன்றியமையாதது.

நிதாரியில் நடந்தது நேர்மாறு. ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சாக்கடையிலிருந்து மண்வெட்டியால் வாரியெடுத்த எலும்புகள் நெகிழிப் பைகளில் நிரப்பப்படுவதை நாடே நேரலையில் பார்த்தது. இடத்தைப் பாதுகாக்கும் முன்னரே தோண்டல் தொடங்கிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் கூறியதாகச் சொல்லப்படும் தகவல் அப்போதைக்கப்போது எழுத்தில் பதிவாகவில்லை. காவல் அடைப்பு தொடர்பான ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இவற்றையெல்லாம் 2025 தீர்ப்பு வரிசையாகச் சுட்டுகிறது.

இதன் விளைவைச் சட்டத்தின் மொழியில் சொல்வதானால் இப்படி: காவல்துறையிடம் ஒருவர் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளையர் ஆட்சியில் 1872இல் இயற்றப்பட்ட சாட்சியச் சட்டமே இந்நாட்டுக் காவல்துறையை அந்த அளவுக்கு நம்ப மறுத்தது. அதற்கு ஒரே விலக்கு, அவர் சொன்னதன் பேரில் அதுவரை எவரும் அறியாத பொருள் ஒன்று கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். நிதாரியில் எலும்புகள் கிடக்கும் இடம் ஊருக்கே முன்னரே தெரியும், தோண்டலும் தொடங்கியிருந்தது. அப்படியிருக்க, கோலி காட்டித்தான் கிடைத்தது என்ற அரசுத் தரப்பின் வாதம் நிற்குமா? நிற்கவில்லை. வீட்டினுள்ளே பலரைக் கொன்று துண்டாடியதற்குரிய இரத்தத் தடயங்களும் தடயவியல் குழுக்களுக்குக் கிடைக்கவில்லை. மரபணுச் சோதனை இறந்தவர்களில் சிலர் யாரென்று சொல்லிற்று. கொன்றவர் யாரென்று அது சொல்லவில்லை.

முதல் சில நாள்களில் பொறுமையாகச் சேகரித்திருக்க வேண்டிய சான்று காலடியில் மிதிபட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் வாக்குமூலம் தேவைப்பட்டது.

வாக்குமூலம் என்னும் சரக்கு

சான்று மெதுவாக வரும். எலும்பைச் சோதித்து முடிவு சொல்ல வாரங்கள் ஆகும். இருபத்துநான்கு மணிநேரத் தொலைக்காட்சிக்கு அத்தனை பொறுமை கிடையாது. அடுத்த விளம்பர இடைவேளைக்குள் அதற்குப் புதிதாக ஒன்று வேண்டும். வாக்குமூலமோ கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். இங்கேதான் காவல்துறையின் தேவையும் சந்தையின் தேவையும் கைகோத்துக்கொண்டன. இரண்டாண்டுகளாகப் புகாரை வாங்காத குற்றத்துக்குக் காவல்துறைக்கு ஒரு திரை வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக்கு ஒரு தொடர்கதை வேண்டியிருந்தது. பெயர் வெளியிடாத அதிகாரிகள் நாளொரு திடுக்கிடும் தகவலைக் கசியவிட்டனர். நரமாமிசம் என்றார்கள். பயங்கர மாளிகை என்றார்கள். ஓர் அல்மோரா மலைக்கிராமத்திலிருந்து சமையல் வேலைக்கு வந்த ஏழை, ஒரு வாரத்துக்குள் மனிதப் பிறவியே அல்லாதவராக ஆக்கப்பட்டார்.

2007 ஜனவரியில் இருவரும் குஜராத்தின் காந்திநகர் ஆய்வகத்துக்கு நார்கோ சோதனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மயக்க மருந்தின் பிடியில் ஒருவர் உளறியது எனச் சொல்லப்பட்டதெல்லாம் அறிவியலின் தீர்ப்பென்று ஒளிபரப்பாயிற்று. ஒருவரின் ஒப்புதலின்றி இத்தகைய சோதனை நடத்துவது, தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவுக்கு முரண் என்று செல்வி வழக்கில் உச்சநீதிமன்றம் 2010 மே 5 அன்று அறிவித்தது. அதற்குள் நாட்டின் மனத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அந்த ஜனவரியிலேயே காசியாபாத் நீதிமன்ற வளாகத்தில் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் தாக்கப்பட்டனர். தாக்கியவர்களில் வழக்கறிஞர்களும் இருந்தனர். வாதாட வேண்டியவர்களே அடிக்கக் கையோங்கிய சூழலில் அந்த ஏழை வேலையாளுக்கு எந்த வழக்கறிஞர் துணிந்து வருவார்? அறுபது நாள் காவல்துறையின் பிடியில், பயனுள்ள சட்ட உதவி ஏதுமின்றி, உரிய மருத்துவப் பரிசோதனையின்றி வைக்கப்பட்டிருந்த பிறகு, 2007 மார்ச் 1 அன்று நடுவர் முன் அவரது வாக்குமூலம் பதிவாயிற்று. தான் சொல்லிக்கொடுக்கப்பட்டதையும் துன்புறுத்தப்பட்டதையும் அந்த வாக்குமூலத்திலேயே அவர் குறிப்பிட்டிருந்தார். வழக்கு முழுவதும் அந்தத் தாளின் மீதே கட்டப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உச்சநீதிமன்றம் அந்தத் தாளை நம்பத்தக்கதன்று என ஒதுக்கியதும் கட்டடம் சரிந்தது.

இது எவரும் எதிர்பாராத விபத்து அன்று. ஊடக விசாரணை பற்றிய தன் 200ஆவது அறிக்கையைச் சட்ட ஆணையம் 2006 ஆகஸ்டில் அரசிடம் அளித்திருந்தது. கைது நடந்த நொடியிலிருந்தே ஒருவரின் நியாயமான விசாரணை உரிமையைச் சிதைக்கும் வெளியீடுகளை நீதிமன்ற அவமதிப்பின் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நான்கு மாதங்களில் நிதாரி வெடித்தது. அறிக்கை அலமாரியில் உறங்கியது.

தேடல் நின்றுபோவது

ஊடகக் கூச்சலால் வரும் தீங்கைப் பலர் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள்: ரசனைக் கேடு, குழந்தைகள் பார்க்கக் கூடாது என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். நாம் சொல்வது அதைவிடக் கடுமையானது. அந்தக் கூச்சல் புலனாய்வைக் கொன்றுவிடுகிறது. எப்படி?

சந்தேகத்துக்குரியவரின் முகம் நாளெல்லாம் திரையில் ஓடியபின், சாட்சி அவரை அடையாள அணிவகுப்பில் காட்டுவதற்கு மதிப்பில்லை. தான் சம்பவ இடத்தில் கண்ட முகமா, திரையில் கண்ட முகமா என்பதைச் சாட்சியாலேயே பிரித்துணர முடியாது. அக்கம்பக்கத்தார் தாம் பார்த்ததையும் செய்தியில் கேட்டதையும் கலந்து சொல்கிறார்கள். பொய் சொல்லும் எண்ணமில்லாமலே பொய்ச் சாட்சி ஆகிறார்கள். கொலைக்காரனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக் கூடிய நுட்பங்கள் என்று புலனாய்வாளர் மூடி வைக்க வேண்டியவை ஊரறிந்த கதையாகிவிட்டால், பிறகு வரும் எந்த வாக்குமூலம் உண்மை, எது சொல்லிக்கொடுத்தது என்று சோதிக்கும் உரைகல்லே போய்விடுகிறது.

இவை எல்லாவற்றிலும் பெரிது, தேடல் நின்றுபோவது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நாடே கொண்டாடிய பிறகு எந்த அதிகாரி வேறொரு கதவைத் தட்டுவார்? மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அமைத்த குழு, உடலுறுப்பு வணிகக் கோணத்தையும் விசாரிக்கும்படி பரிந்துரைத்தது. அது விசாரிக்கப்படவில்லை. அந்தக் கோணம் சரியா, தவறா என்பதை நாம் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர்கள் தேடவேயில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. 2023 தீர்ப்பில் அலகாபாத் உயர்நீதிமன்றம் இதைப் பொதுமக்களின் நம்பிக்கைக்குச் செய்த துரோகத்துக்குக் குறையாதது என்று கண்டித்தது. அந்த வீட்டு ஏழை வேலையாளை அரக்கனாகச் சித்திரித்துச் சிக்கவைக்கும் எளிய வழியைப் புலனாய்வு தேர்ந்துகொண்டது என்றும் அது கூறிற்று. அரக்கனாகச் சித்திரிப்பதைக் காவல்துறை தனியாகச் செய்யவில்லை. தூரிகையும் வண்ணமும் கொடுத்தவை தொலைக்காட்சிகள்.

பாடம் கற்றார்களா? பதினேழு மாதங்கள் கழித்து, 2008 மே மாதத்தில், அதே நொய்டாவில் ஒரு மருத்துவத் தம்பதியின் வீட்டில் பள்ளி மாணவி ஒருத்தி கொல்லப்பட்டாள். தொடர்கொலை அல்ல, ஆனால் நாடகம் அதே நாடகம். வீட்டு வேலையாள்தான் கொலையாளி என்று காவல்துறை அறிவித்தது, ஊடகம் முழங்கிற்று. மறுநாள் அந்த வேலையாளின் பிணம் அதே வீட்டு மொட்டைமாடியில் கிடந்தது. அதற்குள் செய்தியாளர்களும் வேடிக்கை பார்ப்போரும் புகுந்து புறப்பட்ட வீட்டில் தடயம் என்று எதுவும் தூய்மையாக மிஞ்சவில்லை. முதல் சந்தேகம் எப்போதும் வேலையாள் மீதுதான். இறந்து கிடந்தாலும் சந்தேகம் அவன் மீதுதான்.

அவனும் அவரும்

நாள்தோறும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் இருப்போர்க்கு ஒரு சிறு சொல் படும் பாடு தெரியும். குற்றம் நிறுவப்படவில்லை என்று எச்சரிக்கும் அடைமொழி ஒன்று ஆங்கில வாக்கியத்தில் இருக்கும். தமிழில் அது ‘செய்ததாகக் கூறப்படும்’ என்று வரவேண்டும். தலைப்பில் இடம் போதாது; முதலில் வெட்டப்படுவது அதுவே. ‘வாக்குமூலம் அளித்ததாகப் போலீசார் கூறினர்’ என்பது ‘பகீர் வாக்குமூலம்’ ஆகிறது. சந்தேக நபர் ‘சைக்கோ’ ஆகிறார்.

ஆங்கிலத்துக்கு இல்லாத இன்னொரு கருவியும் தமிழ்ப் பத்திரிகைகளிடம் உண்டு: வினைமுற்றின் விகுதி. தொழிலதிபர் என்றால் கைதானாலும் ‘தெரிவித்தார்’. வேலையாள் என்றால் கைதான கணமே ‘ஒப்புக்கொண்டான்’. நீதிபதி இன்னும் வழக்கேட்டைத் திறக்கவில்லை. னகர ஒற்றைக் கொண்டே நாம் தண்டனை வழங்கிவிடுகிறோம். நிதாரிச் செய்திகளைத் தமிழில் படித்தவர்கள் நினைவுகூர்ந்து பார்க்கட்டும். ஒரே வீட்டிலிருந்து கைதான இருவரில் எவர் ‘அவர்’, எவர் ‘அவன்’? வர்க்கம் இலக்கணத்துக்குள்ளும் குடியிருக்கிறது.

ஆராயாமல் தீர்ப்பிடும் அரசு என்ன ஆகும் என்று தமிழருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் சிலம்பைக் களவாடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். அவனே ஊருக்குப் புதியவனான கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். மன்னன் உசாவவில்லை. அரண்மனைக்கு நெருங்கியவனின் சொல்லை நம்பி, அந்நியனைக் கொல்லச் சொல்கிறான். இன்று அந்தப் பொற்கொல்லனுக்கு நேரலையும் உண்டு.

கொன்றவனுக்குப் பெயர், கொல்லப்பட்டவனுக்கு?

1989இல் கல்கத்தா நடைபாதைகளில் உறங்கிய பதின்மூன்று பேர் கல்லால் தலை நசுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் பம்பாயின் சயான், கிங்ஸ் சர்க்கிள் பகுதிகளிலும் இதே வகைக் கொலைகள் நடந்திருந்தன. ஆங்கிலப் பத்திரிகைகள் கொலையாளிக்கு ‘ஸ்டோன்மேன்’ என்று பெயர் சூட்டின. பிடிபடாத, ஒருவரா பலரா என்றுகூடத் தெரியாத ஒருவனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அது இன்றும் நிலைத்திருக்கிறது. செத்தவர்களில் பலருக்கோ காவல் நிலையக் குறிப்பேட்டிலும் பெயரில்லை. கல்கத்தாவில் அன்று இடது முன்னணி ஆட்சி. அதனால் இந்தக் கேள்வி மாறிவிடாது. மனிதர்கள் ஏன் நடைபாதையில் உறங்க நேர்ந்தது என்பதைவிட அவர்களைக் கொன்றவனின் மர்மம் கூடுதலாக விற்றது.

விற்பனை இன்று வேறொரு கட்டத்தை எட்டியிருக்கிறது. கேரளத்தின் கூடத்தாயியில், 2002க்கும் 2016க்கும் இடையே ஒரே குடும்ப வட்டத்தில் நிகழ்ந்த ஆறு மரணங்கள் தொடர்பாக 2019 அக்டோபரில் ஒரு பெண் கைது செய்யப்பட்டார். விசாரணை தொடங்கும் முன்னரே திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடரும் அறிவிக்கப்பட்டன. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கையிலேயே, 2023 டிசம்பரில், நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படம் வெளியிட்டது. முன்பெல்லாம் குற்றம் பற்றிய செய்தி விளம்பரத்தை விற்கப் பயன்பட்டது. இப்போது குற்றமே மூலப்பொருள். காவல் அதிகாரியும் சாட்சியும் பேட்டி தரும் நடிகர்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருப்பது முதலீட்டாளருக்கு நட்டம்.

வாய்ப்பூட்டு வேண்டாம்

ஊடகம் இல்லாவிட்டால் நிதாரியே வெளியில் தெரிந்திருக்காதே என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன காலவரிசையே அதற்கு மறுமொழி. வெளிக்கொணர்ந்தவர்கள் நீதிமன்றம் ஏறிய ஒரு தந்தையும் சாக்கடையில் இறங்கிய அண்டைவீட்டாரும். ஊடகம் வந்த பிறகு, புகாரை மறுத்த காவலர்களும் அவர்களை ஆண்ட அரசும் நிற்க வேண்டிய கூண்டில் ஒற்றை மனிதர் நிறுத்தப்பட்டார். சில காவலர்கள் வேலையிழந்தனர். கதை அத்துடன் முடிந்தது.

இதற்கு மருந்தாக அரசு தணிக்கையைக் கேட்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆட்சியாளர் கையில் வாய்ப்பூட்டைக் கொடுத்தால் அது பூட்டுவது கொலைக்கதைகளை அல்ல. காவல் நிலையச் சாவுகளையும் போலி மோதல்களையும் பற்றிய செய்திகளையே. தமிழகத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை அதைத் தடுக்கப் பார்த்தது. காரணம், கொலைகளின் கோரம் அன்று. உயர் அதிகாரிகளோடு அவனுக்கிருந்த உறவு அதில் வெளிப்படும் என்பதே. வெளிவரும் முன்னரே தடை விதிக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை என்று 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நமக்கு வேண்டும். கொலையாளிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைத் தேடும் பத்திரிகை வேண்டும். அதிகாரம் கசியவிடுவதைக் கொலையாளியின் கதையாக்கி விற்கும் பத்திரிகையே நம் எதிர்த்தரப்பு.

கயிற்றின் நிழலில்

2011 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் கோலியின் மரண தண்டனையை உறுதி செய்தபோது, அந்த வீட்டைக் கசாப்புக் கூடத்துக்கு ஒப்பிட்டது. தொலைக்காட்சியின் சொற்களுக்கும் தீர்ப்பின் சொற்களுக்கும் இடையிலிருந்த தூரம் அவ்வளவு சுருங்கியிருந்தது. 2014இல் கருணை மனு நிராகரிக்கப்பட்டது. மீரட் சிறையில் தூக்குமேடை ஆயத்தமாயிற்று. தூக்கிலிடும் பணியாளரைத் தேடிப் பிடித்துப் பேட்டி கண்டன ஊடகங்கள். செப்டம்பர் 8 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் உச்சநீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. அந்த உத்தரவு சில மணிநேரம் தாமதித்திருந்தால், பின்னாளில் இதே உச்சநீதிமன்றம் குற்றமற்றவர் என விடுவித்த மனிதர் உயிரோடிருந்திருக்க மாட்டார். மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன வாதம் வேண்டும்?

விடுதலையான அவருக்குப் போன பத்தொன்பது ஆண்டுகளைத் தர எவராலும் முடியாது. நிதாரிப் பெற்றோரின் கேள்வியோ அதைவிடப் பாரமானது. இருவரும் குற்றவாளிகள் அல்லரென்றால், எங்கள் பிள்ளைகளைக் கொன்றது யார் என்று அவர்கள் கேட்கிறார்கள். அன்று ஒலிவாங்கியை அவர்கள் முகத்தில் நீட்டி, தூக்கில் போட வேண்டுமா என்று கேட்டவர்கள் இன்று இந்தக் கேள்விக்கு வாய்திறக்கட்டும்.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் புதியனவல்ல. பெரும்பாலானவை நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டவை. காணாமற்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரிலும் கடத்தல் எனக் கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013 மே மாதத்திலேயே ஆணையிட்டது. அது குடிசைப் பகுதிக் காவல் நிலையங்களில் நடைமுறையாக வேண்டும். மறுக்கும் அதிகாரி குற்றவழக்கைச் சந்திக்க வேண்டும். காவல்துறையின் ஊடகச் சந்திப்புகளுக்கு விரிவான கையேடு வகுக்கும்படி 2023 செப்டம்பரில் மத்திய உள்துறைக்கு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. கைதானவரை முகமூடியிட்டு ஒளிப்படக் கருவிகளின் முன் நிறுத்தும் வழக்கமும், பெயர் சொல்லாத அதிகாரியின் கசிவும் சட்டப்படி தண்டிக்கத்தக்கவையாக வேண்டும். கைதான முதல் மணிநேரத்திலிருந்தே வழக்கறிஞர் உடனிருக்க வேண்டும். காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்ற 2020 டிசம்பர் தீர்ப்பு தாளில் கிடக்கக் கூடாது. நிதாரியில் புலனாய்வைச் சிதைத்தவர்கள் யாவர் என்று சுதந்திரமான விசாரணை வேண்டும். பெற்றோருக்கும் பொய்யாகச் சிறைவைக்கப்பட்டவருக்கும் இழப்பீடு வேண்டும்.

உழைக்கும் மக்களின் பத்திரிகைகளுக்கும் இதில் கடமை உண்டு. காவல்துறை சொன்னது என்றால் காவல்துறை சொன்னது என்றே எழுதுவோம். தீர்ப்பு வரும்வரை ‘அவன்’ என்று எழுத மாட்டோம். அதற்கும் மேலாக, எலும்பு கிடைக்கும் நாளுக்குக் காத்திராமல், பிள்ளையைக் காணோமென்று ஒரு தாய் காவல் நிலைய வாசலில் நிற்கும் முதல் நாளிலேயே அங்கே போய் அவள் பக்கத்தில் நிற்போம். 2005இல் எவரேனும் அப்படி நின்றிருந்தால் நிதாரி என்ற பெயர் இந்நாட்டில் ஒரு சிற்றூரின் பெயராக மட்டுமே இருந்திருக்கும்.